கடைசிப் படி ஏறும் வரை

ஓய்வு பெறுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் போன மாதம் எங்கள் அலுவலகத்தில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, கேசரியும் மிக்சரும் கொடுத்துப் பணி நிறைவு விழா நடத்திவிட்டார்கள். என்னுடையது ஒப்பந்தப் பணியிடம். திட்டம் முடிந்தது, பணியிடமும் அதோடு முடிந்தது. மாலையோடு நின்ற என்னைப் பார்த்து எங்கள் ஜீப் ஓட்டுநர் காதர் அண்ணன், "தம்பி, இந்த வயசுல ரிட்டையர் ஆனவன் நம்ம டிபார்ட்மென்ட்டுலேயே நீ ஒருத்தன்தான். பேரன் பேத்தியோட சௌக்கியமா இரு" என்று வாழ்த்தினார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

விழா முடிந்ததும், இனி என் வேலையையும் சேர்த்துப் பார்க்கப்போகிற வினோதினி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு குளத்தைச் சுற்றி வேலி போடுவது பற்றிய குறிப்பு. இப்போதெல்லாம் விவரத்தைக் கொடுத்தால் கணினியே வரைவை எழுதித் தருகிறது. நல்ல தமிழ். எழுத்துப் பிழை கிடையாது. எங்கள் அலுவலகத்துக் குறிப்புகளின் அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: "இதனால் இழப்பவர்". கணினி அதற்கு எதிரே "எவருமில்லை" என்று போட்டிருந்தது.

"அண்ணே, இந்தக் கடைசி வரி மட்டும் எதுக்குன்னு புரியல. வேற எந்த ஆபீஸ்லயும் இது இல்லையாம். எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்ல ஆரம்பித்து, கேசரி ஆறிப்போய், கடைசியில் அவளே, "இதை எழுதிக் குடுத்துட்டுப் போங்கண்ணே, எனக்கு அப்புறம் வர்றவங்களும் படிக்கட்டும்" என்றாள். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்த வேலைக்குப் பெயர் பெரிது: கொள்கை மற்றும் நிர்வாக உதவியாளர். ஆறுகளையும் நீர்நிலைகளையும் அவற்றில் வாழும் உயிர்களையும் காக்க அரசு அமைத்த ஒரு முகமையின் திருச்சி அலுவலகத்தில். காட்டுக்குள் போய்க் கணக்கெடுப்பவர்கள் வேறு. படகில் போய்த் தண்ணீர் மாதிரி எடுப்பவர்கள் வேறு. அவர்கள் கொண்டுவருவதையெல்லாம் வாங்கி, அதிகாரி கையெழுத்துப் போடத்தக்க ஒரு பக்கமாக ஆக்கித் தருவது என் வேலை. கூட்டத்துக்குப் பொருள் நிரல் போடுவது, கூட்டத்தில் பேசியதை எழுதுவது, சென்னையிலிருந்து வரும் கேள்விக்கு அன்று மாலைக்குள் பதில் வரைவது. என் அப்பா இதை அக்கம்பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்: "ஆபீசரம்மா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி என் பையன் எழுதிக் குடுக்கணும்."

அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அம்மாவும் இல்லை. துறையூருக்கு வடக்கே ஒரு ஊரில் கூலிக்குக் கடலை பறித்துக்கொண்டிருந்தவர்கள், நான் பிறந்த பிறகு திருச்சிக்கு வந்தார்கள். கைலாசபுரத்தின் பெரிய தொழிற்சாலையை நம்பிச் சுற்றிலும் நிறையச் சின்னப் பட்டறைகள் உண்டு. அதில் ஒன்றில் அப்பா ஹெல்பர். சாயங்காலம் வரும்போது இடுப்பில் ஒரு வேஸ்ட் துணி சொருகியிருக்கும். லேத் எண்ணெயைத் துடைத்துத் துடைத்துக் கறுத்த துணி. அதையும் மீறி ஒரு ஓரத்தில் சிவப்புக் கரையோ பச்சைக் கரையோ தெரியும். "இது யாரு வேட்டிப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "யாருக்குடா தெரியும், மூட்டையில வருது" என்பார்.

எம்.ஏ. பொது நிர்வாகம் முடித்து, நேர்முகத் தேர்வில் தேறி, சென்னையில் ஒரு மாதப் பயிற்சி. அங்கே கோப்பு எப்படி நகரும், குறிப்பில் 'நான்' என்ற சொல் ஏன் வராது, 'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' எங்கே போட வேண்டும், எல்லாம் கற்றுத் தந்தார்கள். அதில் முக்கால்வாசியை நந்திதா மேடம் வந்து கலைத்துவிட்டார்.

மேடம் ஒடிசாக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். எங்கள் அலுவலகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வருவதற்குமுன்பே புத்தகம் வைத்துத் தமிழ் படித்திருந்தார். அதனால் முதல் நாள் என்னைப் பார்த்து, "செந்தில் அவர்களே, தாங்கள் மதிய உணவு அருந்தியாயிற்றா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே காதர் அண்ணன் குனிந்து டயரைப் பார்ப்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரேதான் ஜீப்பில் போகும்போது ஒவ்வொன்றாகத் திருத்தினார். "அருந்தியாயிற்றா வேணாம் மேடம், சாப்டாச்சான்னு கேளுங்க, போதும்." சில மாதங்களில் மேடம் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார். காதர் அண்ணனிடம் படித்த தமிழ் என்பதால், கோபம் வந்தால் மட்டும் அது கொஞ்சம் ஜீப் ஓட்டுகிற தமிழாக இருக்கும்.

அவர் வேலை பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் குறிப்பும் ஒரே பக்கம். தாளைக் கொடுத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றபடி படிப்பார். கையில் பென்சில் இருக்கும். திருத்தம் எழுத மாட்டார். சந்தேகம் வருகிற சொல்லுக்குமேல் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். புள்ளி எதற்கு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டாலும் சொல்ல மாட்டார். "நீங்க எழுதினதுதானே, உங்களுக்கே தெரியும்" என்பார். ஆச்சரியம், பெரும்பாலும் தெரியும். எங்கே தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினோமோ, சரியாக அங்கே உட்கார்ந்திருக்கும் அந்தப் புள்ளி.

கடைசி வரியை வைத்தவர் அவர்தான். எந்த உத்தரவாக இருந்தாலும் அது வந்தால் மறுநாள் காலையில் யாருடைய வேலை கெடும், யாருடைய வழி அடைபடும் என்று எழுத வேண்டும். முதன்முதலில் நான் 'பொதுமக்களில் சிலர்' என்று எழுதினேன். இரண்டு சொல்லுக்கும் இரண்டு புள்ளி.

"செந்தில், நான் இத்தனை ஊர்ல வேலை பார்த்திருக்கேன். பொதுமக்கள்னு ஒருத்தரை இன்னும் சந்திச்சதே இல்ல. பேர் வேணும்."

பெயர் கிடைத்தால் மட்டும் போதாது. அந்த ஆளிடம் போய் உத்தரவின் வரைவைப் படித்துக் காட்டிவிட்டு வர வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். இது விதிமுறை எதிலும் கிடையாது. மேடத்தின் வழக்கம். இந்த வழக்கத்தால் எங்கள் வேலை இரட்டிப்பானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலமுறை மனதுக்குள் அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அலுப்பு தீர்ந்தது ஸ்ரீரங்கத்தில், காவிரிக் கரைப் படித்துறை ஒன்றில்.

அங்கே இறந்தவர்களுக்குக் காரியம் செய்ய தினமும் ஆட்கள் வருவார்கள். காரியம் முடிந்ததும் இறந்தவருடைய வேட்டியையோ சேலையையோ துண்டையோ ஆற்றில் விடுவார்கள். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறிவிடுவார்கள். விடுகிறவருக்கு அது ஒரு துணி. ஆற்றுக்கோ ஆண்டு முழுக்க வருகிற துணி. கொஞ்ச தூரம் மிதந்து, கனத்து, மூழ்கி, நாணல் வேர்களில் சுற்றிக்கொள்ளும். ஆமை மாட்டும். நீர்நாய் மாட்டும். ஒருநாள் எங்கள் ஆட்கள் ஒரு நீர்நாய்க் குட்டியின் படத்தைக் கொண்டுவந்தார்கள். கழுத்திலும் முன்காலிலும் ஒரு மஞ்சள் சேலை இறுகியிருந்தது. மேடம் அந்தப் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். ஆடி மாதத்தில் கரையில் ஜனக் கூட்டம் சேருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று சென்னையிலிருந்தும் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் முதலில் செய்தது எந்த அலுவலகமும் செய்வதுதான். தொட்டி வைத்தோம். நல்ல உறுதியான, பச்சை நிற, மூடி போட்ட தொட்டிகள். எங்கே வைப்பது என்று எங்கள் அலுவலகப் பொறியாளரும் நானும் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தோம்: படியின் உச்சியில், வெளியே போகிற வழியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் காபிக் கப்பும் வாழைப்பழத் தோலும் ஒற்றைச் செருப்பு ஒன்றும் இருந்தன. துணி ஒரு முழம்கூட இல்லை.

அந்தத் துறையில் காரியம் செய்துவைக்கிற சுந்தரராஜ வாத்தியாரிடம் கேட்டேன். அவர் ஒரு காரியத்துக்கும் இன்னொரு காரியத்துக்கும் நடுவில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து போனில் மூன்றாவது காரியத்துக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன்பா, விட்டதை எவனாவது கையில எடுத்துண்டு படியேறுவானோ? விட்டா விட்டதுதான். அது திரும்ப மேல வரப்படாது. நீங்க என்னடான்னா வாசல்ல டின்னை வெச்சுட்டு, வரச்சே போட்டுட்டு வாங்கோங்கறேள். செருப்பு விடற இடமா அது?"

இந்தத் தவறைச் செய்ய எங்களைப் போன்ற ஆட்களால்தான் முடியும். போகிற வழி எது என்று பார்த்தோமே தவிர, எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

அடுத்துச் சென்னைத் தலைமையிடத்திலிருந்து மாதிரி உத்தரவு ஒன்று வந்தது. துறையில் சேரும் துணியை அகற்ற டெண்டர் விட்டு ஒரு ஒப்பந்தக்காரரை நியமிப்பது; அவருடைய ஆட்களைத் தவிர வேறு யாரும் ஆற்றில் இறங்கித் துணி எடுக்கக் கூடாது, எடுத்தால் அபராதம். அதை எங்கள் ஊருக்கு ஏற்றபடி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். கச்சிதமாக வந்தது. கடைசி வரியில், 'ஆற்றில் துணி சேகரிப்போர்' என்று போட்டேன். மேடம் ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது 'சேகரிப்போர்' தலையில் புள்ளி.

மறுநாள் காலை துறைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில், கையில் கொக்கி கட்டிய மூங்கில் கழியோடு ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். சேலைக்குமேல் ஆம்பளைச் சட்டை. கரைச் சுவர் முழுக்க வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. அஞ்சலை அக்கா.

"யாரு, கார்ப்பரேஷனா?"

"இல்லக்கா. ஆத்தைப் பாதுகாக்கிற ஆபீஸ்."

"ஆத்தையா? அத யாரு தூக்கிட்டுப் போறா?" என்றவர், தானே ஒரு கணம் யோசித்து, "சரி, தூக்கிட்டுப் போறவனும் இருக்கான்தான். அவன அங்க போய்ப் புடிங்க. இங்க நான் ஈரத்துணிதான் எடுக்கறேன்" என்றார்.

அவரும் மருமகளும் இந்தத் துறையில் வருஷக்கணக்காகத் துணி எடுக்கிறார்கள். துவைத்து, காயவைத்து, கிழித்து, மூட்டையாகக் கட்டினால் ஒரு வியாபாரி எடைக்கு வாங்கிப் போவார். எங்கே போகும் என்று கேட்டேன். "கைலாசபுரம் பக்கம், பட்டறைங்களுக்கு. மிஷினு தொடைக்க" என்றார். நான் சுவரில் காய்ந்த வேட்டிகளின் கரைகளைப் பார்த்தேன். சிவப்பு, பச்சை.

அப்புறம் வரைவை எடுத்துப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே தண்ணீரிலிருந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

"அப்ப இதுல கையெழுத்து விழுந்துருச்சுன்னா, நாளைக்கு நான் இதுல கால வெச்சாலே குத்தமா?"

"ஆமாங்க்கா."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கே தம்பி." சேலையைப் பிழிந்தார். "எம்பொண்ணு என்ன பண்ணும்னு யாரும் கேக்க மாட்டாங்க. ரெண்டாவது பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது. தில்லை நகர் ஆஸ்பத்திரில ட்ரெய்னிங்கு. இந்தத் துணிதான் அவளப் படிக்க வெக்குது. எல்லாம் போகப்போறதுன்னா இன்னைக்கே சொல்லிடு."

அவரை உத்தமியாகக் காட்ட நான் இதை எழுதவில்லை. அவர்மீது எங்களிடம் புகார்கள் இருந்தன. அப்பாவின் வேட்டியை விட்ட கை காய்வதற்குள் கொக்கி வந்து இழுத்துவிட்டது என்று மகன்கள் கொதித்து எழுதியிருந்தார்கள். கேட்டால், "நானா? சத்தியமா இல்ல. அவங்க போன பொறவுதான் எடுப்பேன்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் பக்கத்துப் படிக்குப் போனது. அங்கே ஒருவர் வேட்டியை விட்டார். அவர் நிமிர்வதற்குள் அக்கா தண்ணீரில் இருந்தார். கழி நீண்டது, வேட்டி வந்தது, அந்த மனிதர் கத்தினார், அக்காவும் பதிலுக்குக் கத்தினார். திரும்பி வந்து என்னிடம், "இது மாதிரி எப்பவாச்சும்" என்றார்.

"ஏங்க்கா இவ்வளவு அவசரம்?"

"அவசரப்படாம? நடு ஆத்துக்குப் போச்சுன்னா என்னால முடியுமா? நீ போய் எடுத்துத் தருவியா?"

அன்று குறிப்பின் கடைசி வரியில் 'அஞ்சலை' என்று எழுதினேன். புள்ளி விழவில்லை.

அந்தக் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். மேடத்துக்கு வலப்பக்கம் பொறியாளர், அடுத்து வாத்தியார், எதிரே அஞ்சலை அக்கா. தலையில் பூ வைத்து, அந்த ஆம்பளைச் சட்டை இல்லாமல் நல்ல சேலையில் வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பொறியாளர் மேடத்தின் பக்கம் சாய்ந்து, "இவங்களுக்கெல்லாம் எதுக்கு மேடம் மீட்டிங்கு, முடிவை அப்புறம் சொல்லிக்கலாமே" என்றார்.

மேடம் தாளை அவர் பக்கம் திருப்பினார். "இதுல இவங்க பேர் இருக்கு. உங்க பேர் எங்க இருக்குன்னு காட்டுங்க, பார்ப்போம்."

பொறியாளர் நல்ல மனிதர். சிரித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினார்.

கூட்டம் என்று பெயர். முதல் அரைமணி நேரம் வாத்தியாரும் அக்காவும் சண்டை போட்டார்கள். ஒரே துறையில் தினமும் பார்த்துக்கொள்கிறவர்கள், இதுவரை உட்கார்ந்து பேசியதே இல்லை.

"நீ பண்றது அக்கிரமம் அஞ்சலை. காரியம் பண்ற கர்த்தா முதல் படி ஏறலை, அதுக்குள்ள உன் கொம்பு வந்துடறது. என்னண்டன்னா அவா கோச்சுக்கறா."

"நீங்க மந்திரத்தைச் சுருக்கா முடிங்க சாமி. நீங்க இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வேட்டி கல்லணைக்கே போயிடுது."

"மந்திரத்தைச் சுருக்கணுமா! அடியேன் ஒண்ணு கேக்கறேன், அவா படியேறற வரைக்கும் நீ பொறுக்கப்படாதோ? அவா திரும்பியே பார்க்கப் போறதில்லை. சாஸ்திரமே அதான். பின்னாடி நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"பொறுத்தா துணி நிக்குமா? ஆத்துக்கு உங்க சாஸ்திரம் தெரியுமா?"

நான் எழுதிக்கொண்டிருந்தேன். மேடத்தின் பென்சில் தட்டுகிற சத்தம் நின்றது.

"ஒரு நிமிஷம். துணி போகாம அங்கேயே நின்னா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"துணி நின்னா எனக்கென்ன அவசரம்?" என்றார் அக்கா. "வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

வாத்தியாரிடம் கேட்டார் மேடம்: ஆற்றுக்குள்ளேயே, துணி விடுகிற படிக்குச் சற்றுக் கீழே, தண்ணீர் போகிற பக்கம், மூங்கில் தடுப்பு இருந்தால் சாஸ்திரத்துக்குக் குறையா? துணி தண்ணீரில்தானே விழுகிறது, தண்ணீரும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? வாத்தியார் யோசித்தார். போனை எடுத்து யாரையோ கேட்டார். "ஓடற ஜலத்துல விட்டா சரி. அப்புறம் அது எங்க தங்கறதுங்கறது ஜலத்தோட பாடு" என்றார். பொறியாளர் அதற்குள் தாளின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்துவிட்டார். வெள்ளம் வந்தால் கழற்றுகிற மாதிரி, மீனும் ஆமையும் போக வரக் கீழே இடைவெளி விட்டு.

அன்று மாலை வரைவைத் திருத்தி எழுதினேன். டெண்டர் போய்விட்டது. துறையில் ஏற்கெனவே துணி எடுத்துவந்தவர்களுக்கே அனுமதி அட்டை. அதோடு ஒரு நிபந்தனை: "துணியை விட்டவர்கள் கடைசிப் படி ஏறும் வரை அனுமதி பெற்றவர் நீரில் இறங்கலாகாது."

தலைமையிடத்தில் இந்த வாக்கியம்தான் மாட்டிக்கொண்டது. சுற்றுச்சூழல் உத்தரவில் படிக்கட்டுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். டெண்டர் ஏன் இல்லை என்றும். வீடியோ கூட்டம் வைத்தார்கள். நான் மேடத்துக்குப் பக்கத்தில், திரையில் தெரியாத இடத்தில், தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். டெண்டர் என்றால் தலைமையிடத்துக்கு ஒரே ஆளிடம் பேசினால் போதும். அட்டை என்றால் அஞ்சலை அக்காக்களிடம் பேச வேண்டும். எது ஜெயிக்கும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

மேடம் வாதாடவில்லை. நீர்நாய்ப் படத்தைக் காட்டினார். தொட்டிக்குள் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பற்றிச் சொன்னார். திரையில் ஒருவர் சிரித்தார். பிறகு, "படிக்கட்டு வாக்கியத்தை எடுத்தா சண்டை வரும், சண்டை வந்தா துணி திரும்ப நடு ஆத்துக்குப் போகும். அனுமதி அட்டையை எடுத்தா யாருக்கு நஷ்டம்னு கடைசி வரியில பேர் இருக்கு. நான் நேர்ல பார்த்துப் பேசினவங்க. எடுக்கச் சொல்றவங்க அவங்ககிட்ட வந்து படிச்சுக் காட்டணும். ஜீப் அனுப்பறேன்" என்றார்.

ஜீப் கேட்டு யாரும் வரவில்லை. 'சோதனை முறையில் அனுமதிக்கப்படுகிறது' என்று மூன்று சொல் வந்தது. அந்தச் சோதனை இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

அன்று இரவு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். துணி எங்கே போகிறது என்பதையும். அப்பா சோற்றில் கை வைத்தபடி நிறுத்திவிட்டார்.

"அப்ப நான் இத்தனை வருஷமா கையத் தொடச்சதெல்லாம் செத்தவங்க வேட்டியா?"

"ஆமாம்ப்பா."

வேறு ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதான் அப்பிடி எண்ணெய இழுக்கும். கட்டிக் கட்டித் தொவச்ச பருத்தில்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

தடுப்பு வந்த பிறகு மாதம் ஒருமுறை நான் ஆய்வுக்குப் போவேன். படியின் உச்சியில் நின்று பார்ப்பேன். அஞ்சலை அக்காவுக்குப் பொறுமை என்பது கடைசிவரை வரவில்லை. துணி எங்கேயும் போகாது என்று தெரியும், இருந்தாலும் குடும்பம் பாதிப் படியில் இருக்கும்போதே தண்ணீரில் காலை வைத்துவிடுவார். சளக் என்று சத்தம் கேட்கும்.

"அக்கா! கடைசிப் படி!"

"ஏறிட்டாங்கல்ல!"

"இன்னும் ரெண்டு படி இருக்கு!"

"ஒன் கண்ணுக்குத்தான்டா படியெல்லாம் தெரியும். எழுதினவனாச்சே!"

மேடத்துக்கு மாறுதல் வந்தது. உத்தரவுத் தாளை அவர் மேசையில் வைத்தோம். காதர் அண்ணன்தான், "தம்பி, இதுக்கும் கடைசி வரி உண்டுல்ல? என் பேரைப் போடு" என்றார். மேடம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நல்ல வேளை, கையில் பென்சில் இல்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோருமே நல்லவர்கள். அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. என்னுடையதைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவனுக்கு அரசாங்கத்தின் ஒரு தாள் எப்படி உருவாகிறது என்று உள்ளே உட்காரவைத்துக் காட்டிய வேலை இது. வேறெந்த வேலையும் எனக்கு இதைத் தந்திருக்காது. துறையூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறேன். என்ன பாடம் எடுத்தாலும் இதைத்தான் எடுப்பேன் என்று நினைக்கிறேன்.

வினோதினியிடம் கணினியைக் குறை சொல்லவில்லை. அதற்குக் கால் கிடையாது, அந்தக் குளத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான். "நீ ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாம்மா" என்றேன். போய்விட்டு வந்து, 'எவருமில்லை' இருந்த இடத்தில் மாடு குளிப்பாட்டுகிற ஒருவரின் பெயரைப் போட்டிருக்கிறாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தை மாதம் அப்பா போய்விட்டார். கருமாதிக்கு அம்மா அந்தத் துறையைத்தான் சொன்னார். "நீ கட்டுன துறைல்ல" என்றார். நான் எதையும் கட்டவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

மொட்டையடித்து, ஈர வேட்டியோடு, அப்பாவின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போகிற துண்டு. எவ்வளவு துவைத்தாலும் ஒரு மூலையில் எண்ணெய்க் கறை போகாது. மாமா தோளைத் தொட்டு, "விட்டுரு செந்திலு, விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வா" என்றார். விட்டேன். துண்டு கொஞ்சம் சுழன்று மூங்கில் தடுப்பின் பக்கம் போனது. தடுப்புக்கு அருகில் அஞ்சலை அக்கா கழியோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திரும்பிப் படியேறினேன். எத்தனையோ முறை மேலே நின்று பார்த்த படிகள். எந்தப் படியில் அந்தச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். காதை வைத்துக்கொண்டே ஏறினேன். பாதிப் படி வந்தது. சத்தம் இல்லை. கடைசிப் படி ஏறினேன். இல்லை. செருப்பை மாட்டினேன், மாமா சில்லறை மாற்றப் போனார், ஆட்டோ வந்தது. பின்னால் காவிரி ஓடுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

கடைசி ஆய்வுக்குப் போனபோது அக்காவிடம் கேட்டேன். "அன்னைக்கு ஏங்க்கா அவ்வளவு நேரம் எறங்கல?"

ஒரு வேட்டியைப் பிழிந்து சுவரில் விரித்துக்கொண்டே சொன்னார்: "நீதான கடைசிப் படின்னு எழுதுன. ஒனக்கு எது கடைசிப் படின்னு நான் என்னத்தக் கண்டேன்? ஆட்டோ திரும்பற வரைக்கும் உக்காந்திருந்தேன்."